தட்டுவடைக் கவருக்கு லேபிள் பார்த்துத் தரும் மாடி ஆபீஸ்: ஒரு மதிப்புரை

சேலம் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை, அதற்கு மேல் மாடியில் ஒரே அறை. வாசல் போர்டில் "உணவு லைசென்ஸ், லேபிள், ஆடிட் உதவி" என்று மட்டும் இருக்கும். ஆபீஸ் பெயரையும் சார் பெயரையும் இங்கே போடவில்லை. ஒற்றை ஆளாக நடத்துகிறவரைப் பற்றிக் குறையும் சொல்லப்போகிறேன் என்பது ஒரு காரணம். பெயர் போட்டால் கூட்டம் கூடி என் வேலை பின்னுக்குப் போய்விடும் என்பது இன்னொரு காரணம், அதுதான் பெரிய காரணம். சேலத்தில் இப்போது இந்த மாதிரி ஆபீஸ்கள் நிறைய வந்துவிட்டன. முறுக்கு, அப்பளம், மசாலாப் பொடி என்று சின்னதாகத் தொழில் செய்கிறவர்கள் எங்கே போனாலும் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு போகலாம் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுடையது செவ்வாய்ப்பேட்டையில் வீட்டோடு ஒட்டின சின்ன யூனிட். அத்தை ஆரம்பித்தது. பூண்டு தட்டுவடை, எள்ளு தட்டுவடை, கை முறுக்கு. பெரும்பாலும் செட் கடைகளுக்குத்தான் போகும். தட்டுவடை மேல் சட்னி தடவி, துருவின கேரட், பீட்ரூட், வெங்காயம் வைத்து, மேலே இன்னொரு தட்டுவடை மூடித் தருவார்களே, அந்தக் கடைகள். அவர்கள் எங்களிடம் கேட்பது மொறுமொறுப்பு ஒன்றுதான். போன வருஷம் ஒரு சூப்பர் மார்க்கெட்காரர்கள் 200 கிராம் பாக்கெட்டாகக் கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் யூனிட்டைப் பார்க்க ஒரு ஆளையும் அனுப்பினார்கள். அவர் கொடுத்துவிட்டுப் போன அறிக்கையை எடுத்துக்கொண்டுதான் நான் அந்த மாடி ஏறினேன்.

அறிக்கை முழுக்க இங்கிலீஷ். ஒவ்வொரு வரிக்கும் எதிரே கடைசிக் கட்டத்தில் ஒரு டிக், இல்லாவிட்டால் 'என்.சி.' என்று இரண்டெழுத்து. அடியில் விரிவு: நான்-கம்ப்ளையன்ஸ். பையன் போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "விதிமீறல்னு போட்டிருக்குதும்மா" என்றான். அத்தைக்கு அந்த ஒரு வார்த்தை போதும். "நாம என்ன சாராயமா காய்ச்சறோம், மீறறதுக்கு?" என்றவர், அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவே இல்லை.

என் வீட்டுக்காரர் ஒரு காஸ்டிங் கம்பெனியில் தரப் பிரிவில் இருக்கிறார். அவர் பதறவே இல்லை. "ஆடிட்ல ரெண்டு என்.சி., ரெண்டும் மைனர்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுகிற மனுஷன் அவர். அவர்கள் தொழிலில் என்.சி. என்றால் நான்-கன்ஃபார்மிட்டி. ஐ.எஸ்.ஓ. 9000 என்கிற உலகத் தர நிர்ணயம் அதைத் தேவை ஒன்று நிறைவேறாமல் இருப்பது என்கிறது, அவ்வளவுதான். அந்தத் தேவையைச் சட்டம் சொல்லியிருக்கலாம், சரக்கு வாங்குகிறவர் சொல்லியிருக்கலாம், கம்பெனியே தன் கோப்பில் எழுதிவைத்தும் இருக்கலாம். அத்தைக்குச் சர்க்கரை பார்க்கிற டாக்டரும் ஒருமுறை சீட்டில் நான்-கம்ப்ளையன்ட் என்று எழுதியிருக்கிறார். மாத்திரையை ஒழுங்காகப் போடாத ஆள் என்று அதற்கு அர்த்தம். (மருத்துவத்தில் இப்போது அந்தச் சொல்லைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். நோயாளியைக் குற்றவாளி ஆக்குகிற மாதிரி இருக்கிறதாம். அத்தையிடம் கேட்டால் சரியாகத்தான் இருந்தது என்பார்.) ஆக எங்கள் வீட்டில் ஒரே சொல் மூன்று பேரிடம் மூன்று விதமாகக் கிடந்தது. இதில் எங்கள் யூனிட்டுக்கு எது பொருந்தும் என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

சார் அறுபதைத் தொட்டவர். முன்னாடி ஜவ்வரிசி மில் ஆய்வகத்தில் வேலை பார்த்தவராம். அந்த அனுபவம் அவர் பேச்சில் தெரியும். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு வந்ததைப் பெருமையாகச் சொல்வார். அடுத்த மூச்சிலேயே, வெள்ளை வெளேர் என்று இருந்தால்தான் விலை என்று சந்தையைப் பழக்கிவைத்தது யார் என்று திட்டுவார். நம் தொழில் எப்படிப் போகிறது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்றெல்லாம் கேட்கவில்லை. "கவர் எடுத்துட்டு வந்தீங்களா? அறிக்கை?" இரண்டையும் வாங்கி மேஜை மேல் விரித்து, சிவப்புப் பேனாவை எடுத்தார்.

அடுத்து அவர் செய்ததற்குத்தான் நான் கொடுத்த காசு. ஒவ்வொரு 'என்.சி.'க்கும் பக்கத்தில் தமிழில் ஒரு வார்த்தை எழுதினார். சிலதுக்கு "சட்டம்". சிலதுக்கு "கடை". சிலதுக்கு "நோட்டு". சட்டம் என்றால் நாட்டுச் சட்டம் கேட்பது, நாம் செய்தே ஆக வேண்டும். கடை என்றால் அந்த சூப்பர் மார்க்கெட் தன் இஷ்டத்துக்குக் கேட்பது, அவர்களுக்குச் சரக்குப் போட வேண்டுமானால் செய்யலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். நோட்டு என்றால் நாம் ஒழுங்காகச் செய்கிறோம், ஆனால் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. அறிக்கையில் மூன்றுக்கும் ஒரே இரண்டெழுத்துதான்.

வறுக்கிற இடத்துக் கதவில் காற்றுத்திரை, அதாவது மேலிருந்து காற்றை வீசி ஈயைத் தடுக்கிற மிஷின், இல்லை என்று ஒரு என்.சி. விலை விசாரித்துவிட்டு இரண்டு நாள் தூக்கமில்லாமல் இருந்தேன். அதற்குப் பக்கத்தில் "கடை" என்று எழுதிவிட்டு, "ஈ உள்ள வரக் கூடாது, அதுதான் சட்டம். காத்துத்திரை வெச்சாலும் சரி, வலைக்கதவு வெச்சாலும் சரி, ஈ வராம இருந்தாப் போதும்" என்றார். வலைக்கதவு எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஒரு வரியிலேயே அவருடைய முதல் நாள் கட்டணம் எனக்குத் திரும்பிவிட்டது.

இதற்கு நேர் எதிராக, சின்னதாகத் தெரிந்த சிலதெல்லாம் "சட்டம்" என்று விழுந்தன. முதலாவது, சைவ உணவுக்குப் போடுகிற பச்சைப் புள்ளி. எங்கள் கவரில் இருந்தது 3 மில்லிமீட்டர் விட்டம். கவரின் முகப்புப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்குள் இருந்தால் அது போதும். 100-லிருந்து 500 வரை என்றால் 4 மில்லிமீட்டர் வேண்டும். சுற்றியிருக்கிற பச்சைச் சதுரத்தின் பக்கம் அந்த வட்டத்தைப் போல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். அவர் ஸ்கேல் வைத்து அளந்தார். 12-க்கு 18 கவர், 216 சதுர சென்டிமீட்டர். புள்ளி ஒரு மில்லிமீட்டர் சின்னது. சின்னப் பாக்கெட்டுக்குப் போட்ட பிளாக்கையே பிரஸ்காரர் இதற்கும் போட்டிருக்கிறார். ஒரு மில்லிமீட்டருக்கு என்.சி.யா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

இரண்டாவது, பெருங்காயம். இது எனக்கு நிஜமாகவே தெரியாது, தெரிந்த பலருக்கும் தெரியாது என்று பிறகு புரிந்தது. நாம் கடையில் வாங்குகிற கூட்டுப் பெருங்காயத்தில் பாதிக்கு மேல் மாவும் பிசினும்தான். மாவு பெரும்பாலும் கோதுமை. கோதுமை ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கிற பொருள். அரிசி மாவுத் தட்டுவடைதானே என்று நம்பி, கோதுமை ஆகாத ஒருத்தர் வாங்கிச் சாப்பிட்டால்? ஆகவே கவரில் கோதுமை இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். வேர்க்கடலை சேர்த்தால் அதையும். சூப்பர் மார்க்கெட் ஆள்கூட இதைக் கவனிக்கவில்லை. அறிக்கையில் அந்த வரிக்கு டிக்தான் இருந்தது. சார்தான் டிக்கை அடித்துவிட்டு என்.சி. என்று எழுதினார். காசு வாங்குகிறவர் நமக்கு ஒரு குறையைக் கூட்டிக் காட்டுகிறார் என்றால் அவரை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

மூன்றாவது, செய்தித்தாள். எண்ணெயிலிருந்து எடுத்த தட்டுவடையை பேப்பர் மேல் பரப்புவது எங்கள் தெருவில் எல்லாரும் செய்கிறதுதான். சூடான எண்ணெயில் அச்சு மை கரைந்து பண்டத்தில் ஏறும் என்பதால் உணவைச் செய்தித்தாளில் வைப்பதும் மடிப்பதும் கூடாது என்று விதி. இப்போது துளை போட்ட எவர்சில்வர் தட்டு வாங்கியிருக்கிறோம். எண்ணெய் சொட்டக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது, ஆனால் தட்டுவடையின் அடியில் நேற்றைய ராசிபலன் ஒட்டுவதில்லை.

எண்ணெய் பற்றி அவர் தனியாக அரை மணி நேரம் பேசினார். இந்த வேலையில் உடம்புக்கு நிஜமாகக் கெடுதல் வருகிற இடம் அதுதான் என்பது அவர் கட்சி. திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெயில் போலார் சேர்மங்கள், அதாவது எண்ணெய் சிதைந்து உண்டாகிற பொருள்கள், கூடிக்கொண்டே போகும். மொத்தத்தில் அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது, 2018 ஜூலையிலிருந்து இது நடைமுறை. அளப்பதற்கு ஒரு கையடக்கக் கருவி வைத்திருக்கிறார், வாடகைக்குத் தருவார். ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் ஊற்றுகிறவர்கள் வாங்கினது, செலவானது, கழித்தது எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்து, கழிவு எண்ணெயை அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிக்குத்தான் கொடுக்க வேண்டும். நாங்கள் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் பழைய எண்ணெயைத் தள்ளுவண்டிக்காரருக்கு விற்கிற பழக்கத்தை நிறுத்தச் சொன்னார். "நீங்க தூக்கிப் போட்டத இன்னொருத்தர் வாணலில ஊத்தறீங்க." அத்தை இதைக் கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் தலையாட்டினார். பச்சைப் புள்ளிக்கு அரை நாள் சண்டை போட்டவர் இவர்.

"நோட்டு" ரகம்தான் வீட்டில் பெரிய ரகளை. எங்களிடம் வறுக்கிற அக்கா கை கழுவாமல் மாவைத் தொட மாட்டார், தலையில் துண்டு கட்டாமல் அடுப்படிக்கு வர மாட்டார். அறிக்கையில் கை கழுவலுக்கு என்.சி.! காரணம், பதிவேடு இல்லை. அக்காவுக்கு அது புரிந்ததும், "நான் கழுவறத நாலு பேரு பாக்கறாங்க, அப்புறம் எதுக்கு எழுதணும்?" என்றார். நியாயமான கேள்வி. சார் சொன்ன பதில்: சோதனைக்கு வருகிறவர் ஒரு மணி நேரம் இருப்பார், அவர் இல்லாத நேரத்துக்கு நோட்டுதான் சாட்சி. பின்பற்றவில்லை என்று அவர் எழுதினால், பின்பற்றியதற்கு அத்தாட்சி கிடைக்கவில்லை என்றும் அதற்கு அர்த்தம் உண்டு. எனக்கு இது முழுக்க ஒப்பவில்லை. எழுதிவைக்கிற பழக்கம் இருக்கிறவன் கழுவாமலேயே டிக் போட்டுவிட்டுப் போகலாம், கழுவுகிற அக்காவுக்கு என்.சி. விழும். இதைச் சொன்னபோது அவரும் மறுக்கவில்லை. தோளைக் குலுக்கிவிட்டு, நோட்டை மட்டும் பெரிய எழுத்தில் தமிழில் அடித்துக் கொடுத்தார். காலை, மதியம், மாலை, பக்கத்தில் கையெழுத்துக் கட்டம். அக்கா இப்போது கையெழுத்துப் போடுவதை ஒரு கௌரவமாகவே செய்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் எடுக்கிற உடல்தகுதிச் சான்று, தண்ணீர்ப் பரிசோதனை, பூச்சி மருந்து அடித்த ரசீது எல்லாம் அதே கோப்பில்.

சூப்பர் மார்க்கெட் அறிக்கையை விடுங்கள், நிஜமாகவே உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தால் என்ன ஆகும்? இதை அவரிடம் கேட்காமல் வரக் கூடாது. 2006-ம் வருஷ உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை வைத்து அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவுக்கு எழுதுகிறேன். பின்பற்றவில்லை என்பதற்குச் சட்டத்தில் படிக்கட்டு இருக்கிறது. லேபிளில் இருக்க வேண்டிய விவரம் விட்டுப்போயிருக்கிறது, அல்லது பொய் இருக்கிறது என்றால் தப்புக்குறியீடு. அதற்கு அபராதம் 3 லட்சம் வரை. பண்டம் சட்டம் சொன்ன தரத்துக்கு இல்லை, ஆனால் உடம்பைக் கெடுக்காது என்றால் தரம் குறைந்தது, 5 லட்சம் வரை. சுத்தமில்லாத இடத்தில் செய்தால் 1 லட்சம் வரை. இவையெல்லாம் மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்துத் தீர்க்கிற அபராத வழக்குகள். உடம்பைக் கெடுக்கிறது, அதாவது பாதுகாப்பற்றது என்று ஆய்வக முடிவு வந்தால் கதை வேறு. அது குற்ற வழக்கு, கோர்ட், ஜெயில் வரை போகும். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் இருந்தது தெரிந்து தமிழ்நாடு அரசு தடை போட்டதே, அது இந்தக் கடைசி ரகம். என் ஒரு மில்லிமீட்டரும் அந்தச் சாயமும் ஒரே கட்டத்தில் ஒரே இரண்டெழுத்தில் விழுகிற அறிக்கையை யார் கண்டுபிடித்தார்களோ.

அபராதத்துக்கு முன்னாலேயே இன்னொரு வாசல் உண்டு. சட்டத்தின் 32-வது பிரிவில் இம்ப்ரூவ்மென்ட் நோட்டீஸ் என்று ஒன்று. எந்த விதியைப் பின்பற்றவில்லை, அதற்கு என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று அதில் எழுதித் தர வேண்டும். அந்த அவகாசம் 14 நாளுக்குக் குறையக் கூடாது. அதற்குள் சரிசெய்யாவிட்டால் லைசென்ஸை நிறுத்திவைப்பது, அதற்கும் மசியாவிட்டால் விளக்கம் கேட்டு ரத்து செய்வது. நோட்டீஸ் வந்தாலே கடை மூடல் என்று பயந்து, வந்தவரிடம் எதையாவது நீட்டுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

இங்கே ஒரு ஒப்பீடு சொல்ல வேண்டும். இவரிடம் போகும் முன்னால் வேறொரு ஏஜென்டைப் பார்த்தேன், ஏ.சி. அறை, கண்ணாடிக் கதவு. அவர் அறிக்கையைத் திறக்கவே இல்லை. "நான் பாத்துக்கறேன் மேடம், நமக்கு ஆள் இருக்குது" என்றார். தொகையாக ஒன்று சொன்னார். எது குறை, எதைச் சரிசெய்வது என்று கேட்டதற்கு, "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு" என்றார். மாடி சார் மேலே பேசுவது, ஆள் பிடிப்பது எதையும் செய்வதில்லை. கேட்டுப் பார்த்த ஒரு அப்பளக்காரரை என் கண் முன்னாலேயே அனுப்பிவிட்டார். அந்த ஏஜென்டிடம் வேலை சீக்கிரம் முடிந்திருக்குமோ என்னவோ. பெருங்காயம் மட்டும் அப்படியே இருந்திருக்கும்.

கவரில் எழுதியிருந்த வாசகங்களிலும் கை வைத்தார். "வீட்டுச் சுவை, பாரம்பரியத் தயாரிப்பு" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். 2018-ல் வந்த விளம்பர விதிமுறைகளைச் சொல்லி, யூனிட்டில் செய்து விற்கிறதை வீட்டில் செய்தது என்று நினைக்கவைக்கிற மாதிரி எழுத வேண்டாம் என்று அடித்தார். பாரம்பரியம் என்றால் தலைமுறைகளாக மாறாத செய்முறை என்று காட்ட முடியுமா என்று கேட்டார். "எங்க அத்தைதான் அத்தாட்சி" என்றேன். "அவங்க கையெழுத்துப் போட்ட நோட்டு இருக்குதா?" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை, பேனா நிற்கவில்லை. இரண்டு வாசகமும் போய், "சேலம் பூண்டு தட்டுவடை" என்று மட்டும் நின்றது. பார்க்க முன்னைவிட நன்றாகத்தான் இருக்கிறது.

உணவுப் பாக்கெட்டில் போட்டிருக்கிற 14 இலக்க லைசென்ஸ் அல்லது பதிவு எண்ணைப் படிக்கவும் சொல்லிக்கொடுத்தார். முதல் எண் 1 என்றால் லைசென்ஸ், 2 என்றால் பதிவு மட்டும். அடுத்த இரண்டு எண் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. இதைத் தெரிந்துகொண்ட பிறகு லீ பஜாரில் மளிகை வாங்கும்போது எந்தப் பாக்கெட்டைப் பார்த்தாலும் எண்ணைத்தான் முதலில் படிக்கிறேன். கூட வருகிறவர்களுக்கு எரிச்சல்.

இனி குறைகள்.

பெரிய குறை, அவர் கொடுத்த சுகாதாரத் திட்டக் கோப்பு. அதற்குத் தனியாக 4,000 ரூபாய் வாங்கினார். வீட்டுக்கு வந்து புரட்டினால் ஏழாம் பக்கத்தில் முட்டையை எந்தக் குளிரில் வைக்க வேண்டும் என்று விலாவாரியாக இருக்கிறது. எங்கள் அடுப்படிக்கு முட்டை வந்ததே இல்லை. ஏதோ பேக்கரிக்குச் செய்த கோப்பில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். திருப்பிக் கொண்டு போனேன். கோபப்படாமல் திருத்திக் கொடுத்தார், ஆனால் அதற்குப் பத்து நாள். லேபிளில் ஒரு மில்லிமீட்டரை அளக்கிறவர் இதில் கோட்டை விட்டது எனக்கு ஆறவில்லை. கோப்பு வாங்குகிறவர்கள் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அடுத்தது பில். விதி விதியாகப் பேசுகிற ஆபீஸில் கொடுத்த பணத்துக்குக் கேட்காமல் ரசீது வராது. ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் தொகையை எழுதி நீட்டினார். "சார், இதுக்கு நான் என்.சி. போடலாமா?" என்றேன். டிராயரைத் திறந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். அது இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது!

படி செங்குத்து, கைப்பிடி ஆடுகிறது. முட்டி வலி இருக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். டோக்கன் கிடையாது, வந்தவர்கள் படியிலேயே வரிசையாக உட்கார வேண்டும். ஒருவகையில் அதுவும் லாபம். ஏற்காட்டிலிருந்து காப்பித் தூள் லேபிளோடு வந்திருந்த ஒரு அண்ணன் அங்கேதான் பழக்கம். சிக்கரி கலந்தால் காப்பி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று கவரில் போட வேண்டும், காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று அவர் சொல்லித்தான் தெரியும். அவருடைய என்.சி. சதவீதத்தை மடிப்புக்குள் அச்சடித்ததற்கு. மறைக்க நினைக்கவில்லையாம், இடம் அங்கேதான் இருந்ததாம்.

தமிழ் எழுத்துப் பிழைகளை அவர் பார்ப்பதில்லை. பொட்டுக்கடலைக்கு 'க்' போட்டது நான்தான். வடிவமைப்பும் அவர் வேலை இல்லை. அவர் கொடுக்கிறது என்ன இருக்க வேண்டும், எவ்வளவு பெரிதாக, எங்கே என்கிற பட்டியல். அதை வைத்து பிரஸ்ஸில் நாம் செய்துகொள்ள வேண்டும். புது கவரின் முதல் பிரதியை அச்சுக்கு முன் ஒருமுறை இலவசமாகப் பார்த்துத் தருகிறார், அதைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் பிரதியில் ஒரு கிராமுக்கு எவ்வளவு விலை என்கிற வரி விட்டுப்போயிருந்ததை அப்போதுதான் பிடித்தார். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டுக்கு எம்.ஆர்.பி.யோடு அதுவும் வேண்டும், எடையளவுச் சட்டத்தில் வருவது.

கட்டணம் எனக்கு ஆனது: அறிக்கையை வாசித்து வகை பிரித்ததற்கு 500, ஒரு கவர் லேபிளுக்கு 1,500, கோப்புக்கு மேலே சொன்ன 4,000. முதல் இரண்டும் நியாயம். கோப்பு விலை ஜாஸ்தி. சின்ன யூனிட்டுக்கு முதல் இரண்டு மட்டும் போதும், பதிவேடுகளை நாமே நோட்டில் கோடு போட்டு எழுதலாம். லைசென்ஸ் விண்ணப்பத்தையும் அவர் போட்டுத் தருகிறார். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அரசு இணையதளத்தில் நேரடியாகவே போடலாம் என்று அவரே சொன்னார், அதற்காக ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்ளலாம்.

சூப்பர் மார்க்கெட் மறு சோதனைக்கு வந்தபோது "சட்டம்", "நோட்டு" எல்லாம் டிக் ஆகிவிட்டது. "கடை" ரகத்தில் இரண்டை நாங்கள் செய்யவில்லை, செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தோம். ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள், ஒன்றுக்கு ஆறு மாதம் அவகாசம். சரக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் ஈரத் துண்டை நாற்காலியில் போட்டால் அத்தை இப்போது "என்.சி." என்கிறார். மேஜரா மைனரா என்று இவர் திருப்பிக் கேட்கிறார்.

போகிறவர்கள் சனிக்கிழமை போகாதீர்கள், அன்றைக்கு வெளியூர்க்காரர்கள் கூட்டம். பழைய கவர் இரண்டு, எண்ணெய் டின் படம், பொருள் ஒவ்வொன்றும் எத்தனை கிராம் என்ற கணக்கு கொண்டுபோங்கள். எடைப்படி அதிகத்திலிருந்து குறைவாக வரிசைப்படுத்தித்தான் சேர்பொருள்களை எழுத வேண்டும் என்பதால் "கைப்பிடி அளவு" என்ற பேச்சு அங்கே எடுபடாது. வெளியில் வாங்கிச் சேர்க்கிற மசாலா, பெருங்காய டப்பாவை அப்படியே எடுத்துப்போங்கள். வேறு டப்பாவில் கொட்டிவைத்துவிட்டு அசலைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், அதன் பின்பக்கம் ஒட்டியிருக்கிற சீட்டுதான் அவருக்கு வேண்டும்.